பிரித்துப் பார்த்த பேரறிஞர் ஜி.டி. நாயுடு

மேழிச் செல்வத்தால் மட்டுமன்றிப் பொறித் தொழிலாலும் புகழ் பூத்தது கொங்கு மண்டலம். கோவையில் பஞ்சாலைகளும் மோட்டார்ப் பம்புகளும் பெருகின. நாமக்கல்லில் லாரிகளுக்குக் கூடு கட்டும் தொழில் இந்தியாவெங்கும் பெயர் பெற்றது. ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகள் திருச்செங்கோட்டிலிருந்து புறப்பட்டுப் பல மாநிலங்களின் மண்ணைத் துளைக்கின்றன. இத்தொழில்களை வளர்த்தவர்களுள் பலர் பட்டம் பெற்ற பொறியாளர்கள் அல்லர். பட்டறையில் கரியும் எண்ணெயும் படிந்த கையோடு கற்றவர்கள். அம்மரபின் தலைமகன் யார் என்று வினவினால் ஐயமின்றிச் சுட்டத்தக்க பெயர் ஒன்று உண்டு. அதுவே ஜி.டி. நாயுடு என்று நாடறிந்த கோபால்சாமி துரைசாமி நாயுடு என்பதாகும்.

அவரது வாழ்க்கையை எழுத வந்தோர் பெரும்பாலும் அவர் கண்டுபிடித்த பொருள்களை வரிசைப்படுத்துவதோடு அமைவர். மின்சவரக் கருவி, வாக்குப் பதிவுப் பொறி, பழச்சாறு பிழியும் பொறி, மண்ணெண்ணெயில் சுழலும் விசிறி என அப்பட்டியல் நீளும். அப்பட்டியல் உண்மையே. எனினும் அஃது ஒரு மரத்தின் கனிகளை எண்ணிவிட்டு வேரைக் காணாது செல்வது போன்றது. அவ்வாழ்வின் வேர், ஒருவர் ஓட்டிக் கழித்த மோட்டார் சைக்கிள் ஒன்றில் இருக்கிறது. ஓமலூரிலிருந்தும் தாரமங்கலத்திலிருந்தும் தீவட்டிப்பட்டியிலிருந்தும் நாள்தோறும் இருசக்கர ஊர்தியில் கல்லூரி செல்லும் மாணவ நண்பர்களுக்கு அவ்வேரைக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கோவை மாவட்டத்துச் சூலூரை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரில் 1893-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 23-ஆம் நாள் துரைசாமி பிறந்தார். தந்தையார் உழவர். அன்னையார் மகவு ஈன்ற சிறிது காலத்திலேயே மறைந்தார். தாயற்ற பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பினர். பள்ளியோ பிள்ளைக்குப் பிடிக்கவில்லை. ஆசிரியரின் கண்ணில் மணலை வாரித் தூவிவிட்டு ஓடினார் என்பது அவ்வட்டாரத்தில் வழங்கும் செய்தி. அக்குறும்பைப் பெருமையாகப் பேசுவோரும் உளர். அதில் பெருமை ஏதும் இருப்பதாக எமக்குத் தோன்றவில்லை. தொடக்கப் பள்ளியோடு கல்வி நின்றது என்பதே கருதத்தக்கது. பின்னர் வயல் வேலை செய்துகொண்டே தமிழ் நூல்களைத் தாமே தேடிப் படித்தார். பள்ளியை வெறுத்தவர் படிப்பை வெறுக்கவில்லை. பிற்காலத்தில் அவர் கல்விக் கூடங்களோடு கொண்ட பிணக்கை விளங்கிக்கொள்ள இவ்வேறுபாடு உதவும்.

இருபது அகவையை ஒட்டிய காலத்தில் அவர் வாழ்வைத் திருப்பிய நிகழ்ச்சி நேர்ந்தது. வருவாய்த் துறையைச் சேர்ந்த ஆங்கில அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் அப்பகுதிக்கு வந்தார். மாட்டு வண்டியும் குதிரை வண்டியும் அன்றி வேறு ஊர்தி காணாத ஊர் அது. இழுக்கும் விலங்கு எதுவுமின்றித் தானே ஓடும் வண்டியைக் கண்டு ஊரார் வியந்தனர். வியப்பு ஊராருக்கு மாலையில் தீர்ந்தது, துரைசாமிக்குத் தீரவில்லை. வண்டி எவ்வாறு ஓடுகிறது என்று அறிய வேண்டும், அறிவதற்கு அதனைத் தமதாக்கிக்கொள்ள வேண்டும் என்னும் வேட்கை அவரைப் பற்றிக்கொண்டது.

ஊரை விட்டுக் கோவைக்கு வந்தார். உணவு விடுதி ஒன்றில் பரிமாறும் பணியில் அமர்ந்தார். இலை போட்டு, நீர் வைத்து, மேசை துடைத்துப் பெற்ற ஊதியத்தில் சிறுகச் சிறுகச் சேர்த்தார். ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் இவ்வாறு கழிந்தன. சேர்ந்த தொகை 300 ரூபாய் என்பர். அதனை எடுத்துக்கொண்டு அதே அதிகாரியிடம் சென்று அதே வண்டியை விலைக்குப் பெற்றார். உழவர் குடியில் பிறந்த இளைஞர் ஒருவர் அன்று 300 ரூபாய்க்கு நிலம் வாங்கியிருக்கலாம், எருது வாங்கியிருக்கலாம். உற்றார் அதனையே அறிவுடைமை என்று போற்றியிருப்பர். அவர் வாங்கியதோ பிறர் ஓட்டிய பழைய வண்டி.

அவ்வண்டி இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரத்து ரட்ஜ் நிறுவனம் செய்தது. 1912-ஆம் ஆண்டு வகை. மிதிவண்டி செய்வதில் பெயர் பெற்றிருந்த அந்நிறுவனம் மோட்டார் சைக்கிள் விற்பனையில் இறங்கியதே 1911-இல்தான். 1914-இல் மான் தீவில் நடந்த பெரும் பந்தயத்தில் ரட்ஜ் வண்டியே முதலிடம் பெற்றது. ஆகவே நாயுடு வாங்கியது பழைய வண்டியாயினும் பழங்காலத்து வண்டியன்று. அன்றைய உலகின் புதிய தொழில்நுட்பம்.

இன்றைய வண்டியை அறிந்தவர்க்கு அன்றைய வண்டி வேற்று உயிரினம் போலத் தோன்றும். ஒற்றை உருளை, கொள்ளளவு 500 கன சென்டிமீட்டருக்கு ஒன்று குறைவு. பின்சக்கரத்துக்கு விசை செல்வது செயின் வழியாக அன்று, பட்டை வழியாக. மழையில் நனைந்தால் பட்டை வழுக்கும். பொறியைப் பற்றவைக்க மின்கலம் கிடையாது. மேக்னெட்டோ என்னும் கருவி சுழன்று தானே மின்சாரம் உண்டாக்கித் தீப்பொறி தெறிக்கச் செய்யும். அக்கால வண்டிகளில் எஞ்சினுக்கு எண்ணெய் ஊட்டுவது ஓட்டுபவர் கடமை. தொட்டியின் மேலுள்ள சிறு கைப்பம்பைச் சில கிலோமீட்டருக்கு ஒருமுறை அழுத்த வேண்டும். மறந்தால் பிஸ்டன் இறுகிப் பிடித்துக்கொள்ளும். மிகுந்தால் புகை மண்டும். அந்த எண்ணெய் மீண்டும் பயன்படாது, எரிந்தும் சிந்தியும் ஒழியும். விளக்கு எரிவது கார்பைடு வளியால். இத்தகைய வண்டியை ஓட்டுபவர் ஓட்டுநராக மட்டும் இருத்தல் இயலாது. பாதிக்குப் பாதி பட்டறைக்காரராகவும் இருந்தே ஆக வேண்டும்.

வண்டியை வாங்கிய நாயுடு அதில் ஏறி ஊர் சுற்றப் புறப்படவில்லை. பிரித்தார். உறுப்பு உறுப்பாகக் கழற்றினார். ஒவ்வோர் உறுப்பும் எதனைத் தொட்டுக்கொண்டிருக்கிறது, எதனை அசைக்கிறது, எதனால் அசைகிறது என்று பார்த்தார். பின்னர் மீண்டும் பூட்டினார். கற்பிக்க ஆசிரியர் இல்லை. வழிகாட்டும் தமிழ் நூல் அந்நாளில் இல்லை. கழற்றிய வரிசையை நினைவில் வைத்துத் தலைகீழாகப் பூட்டுவதே பாடம். பூட்டிய பிறகு தரையில் ஒரு திருகாணி மிஞ்சிக் கிடந்தால் அதுவே தேர்வில் தோல்வி. இவ்வாறு கற்றவர் விரைவில் மெக்கானிக்காகவே தொழில் செய்யும் நிலையை அடைந்தார்.

இங்குச் சற்று நின்று நம் ஊர் நடப்பைப் பார்த்தல் தகும். சேலம்–தருமபுரி நெடுஞ்சாலையில் அமைந்த ஓமலூரில் பழைய இருசக்கர வண்டி வாங்குவது அரிய செய்தியன்று. அயலூருக்கு வேலைக்குச் சென்றவர் வீட்டிலும், முதுமையால் ஓட்டுவதை நிறுத்தியவர் வீட்டிலும் உறை போர்த்தி நிற்கும் வண்டிகள் விலைக்கு வரும். நாலைந்து ஆண்டு ஆகியிருக்கும். மீட்டரோ இரண்டாயிரம் கிலோமீட்டர் கூடக் காட்டாது. வாங்குபவர் உள்ளம் குளிர்வார். ஓடாத வண்டி, ஆகவே தேயாத வண்டி என்பது அவர் கணக்கு. அக்கணக்கில் பாதி சரி, பாதி பிழை. ஓடுவதால் மட்டும் வண்டி கெடுவதில்லை, நிற்பதாலும் கெடுகிறது. ஓடிக் கெட்டது காதில் கேட்கும். நின்று கெட்டதோ பிரித்துப் பார்ப்பவர் கண்ணுக்கே தெரியும்.

புது எஞ்சின் முதன்முதலாக ஓடும்போது உலோகப் பரப்புகள் ஒன்றோடொன்று உராய்ந்து இணங்குகின்றன. அப்போது உதிரும் நுண்துகள்கள் எண்ணெயில் கலக்கும். அதனால்தான் முதல் எண்ணெய் மாற்றத்தைச் சில நூறு கிலோமீட்டரிலேயே செய்யுமாறு நிறுவனங்கள் வகுத்துள்ளன. முதல் சர்வீசுக்கே செல்லாமல் நிறுத்தப்பட்ட வண்டியில் அந்த எண்ணெயே ஆண்டுக் கணக்கில் தங்கியிருக்கும், ஈரமும் சேர்ந்திருக்கும். எனவே வாங்கியவுடன் செய்யும் முதல் வேலை, அடியிலுள்ள போல்ட்டைக் கழற்றிப் பழைய எண்ணெயை முற்றாக வடிப்பது. சிறிது நேரம் எஞ்சினைச் சூடாக்கி வடித்தால் துகள்களும் சேர்ந்து இறங்கும். வடித்ததை வெள்ளைத் துணியில் தேய்த்துப் பார்த்தால் மினுமினுப்புத் தெரியும். அவ்வெண்ணெயைக் கலனில் சேர்த்துப் பழைய எண்ணெய் வாங்குவோரிடம் கொடுக்க வேண்டுமேயன்றிச் சரபங்கா ஆற்றில் கொட்டலாகாது. அந்த ஆறு ஏற்கெனவே படும் பாடு போதும்.

எரிபொருளின் நிலையும் அத்தகையதே. நெடுநாள் நின்ற பெட்ரோலின் மெல்லிய பகுதி ஆவியாகிவிடும். எஞ்சியது பசை போலாகிக் கார்புரேட்டரின் ஊசித் துளைகளை அடைக்கும். இந்நாளில் பெட்ரோலில் எத்தனால் கலந்து வருகிறது. எத்தனால் காற்றின் ஈரத்தை ஈர்க்கும் இயல்புடையது. ஈரம் மிகுந்தால் நீர் தனியே பிரிந்து தொட்டியின் அடியில் தங்கித் துருவை வளர்க்கும். 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த வண்டிகளில் பெரும்பாலும் கார்புரேட்டர் இல்லை. மின்னணு முறையில் எரிபொருள் தெளிக்கப்படுகிறது. அவற்றுக்கும் பழைய பெட்ரோல் நஞ்சே. இரக்கமின்றி வடித்துவிடுவதே முறை.

அடுத்து ரப்பர். சேலத்து வெயில் டயருக்குப் பகை. பள்ளம் ஆழமாக இருப்பதைக் கண்டு டயர் புதியது என்று கருதுதல் கூடாது. டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்தது என்று பொருள். பக்கச் சுவரில் மயிரிழை போன்ற வெடிப்புகள் ஓடியிருந்தால், எவ்வளவு பள்ளம் இருந்தாலும் மாற்றுதல் வேண்டும். டிஸ்க் பிரேக் உள்ள வண்டியில் அதற்குரிய திரவமும் ஈரத்தை உறிஞ்சும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அதனை மாற்ற வேண்டும் என்பது பொதுவான விதி. தொப்பூர்க் கணவாய் இறக்கத்திலோ ஏற்காட்டு மலைச் சாலையின் கொண்டை ஊசி வளைவிலோ நிற்காத பிரேக்கைக் கண்டறிவது காலங்கடந்த கல்வி.

இவை அனைத்தையும் ஒரு விடுமுறை நாளில், நான்கைந்து ஸ்பேனரும் ஒரு திருப்புளியும் வண்டியோடு வரும் கையேடும் கொண்டு செய்து முடிக்கலாம். செயினைத் துடைத்து எண்ணெயிட்டுத் தளர்வைச் சரிசெய்தல், காற்று வடிகட்டியைத் திறந்து எலி கூடு கட்டியிருக்கிறதா என்று பார்த்தல், ஸ்பார்க் பிளக்கைக் கழற்றித் துடைத்தல், கிளட்ச் கேபிளில் சில துளி எண்ணெய் விடுதல் ஆகியவை வலிமை வேண்டாத வேலைகள், பொறுமையே வேண்டும். பிரேக் திரவம் மாற்றுவதைப் போன்ற உயிர் சார்ந்த வேலையை முதல்முறை அறிந்தவர் ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு செய்தல் நலம். ஓமலூர்ப் பட்டறைக்காரரின் பிழைப்பு இதனால் கெடும் என்று எவரும் அஞ்ச வேண்டா. தம் வண்டியை அறிந்த வாடிக்கையாளரிடம் நல்ல பட்டறைக்காரர் மகிழ்ச்சியோடு பேசுவார். அறியாதவரிடம் பேச அவருக்குப் பொருளே இருக்காது.

நாயுடுவின் வாழ்வுக்குத் திரும்புவோம். பொறியறிவு கைவந்தவுடன் அவர் நேரே உயர்ந்துவிட்டார் என்று எண்ணுதல் தவறு. முதல் உலகப் போர்க் காலத்தில் அவர் பருத்தித் தொழிலில் இறங்கினார். திருப்பூரில் பருத்தியினின்று கொட்டையை நீக்கும் ஜின்னிங் ஆலை நடத்திப் பெரும் பொருள் ஈட்டினார். ஈட்டிய பொருளோடு பம்பாய்ப் பருத்திச் சந்தைக்குச் சென்றார், இழந்து திரும்பினார். ஸ்பேனர் பிடித்துக் கற்றவர்க்குச் சந்தை விலையைப் பிரித்துப் பார்க்கும் வழி தெரியவில்லை போலும். அதற்குப் பிறகு அவர் பெரும்பாலும் கண்ணால் காணத்தக்க, கையால் கழற்றத்தக்க பொருள்களிலேயே தம் செல்வத்தை இட்டார் என்பதை அவர் வரலாறு காட்டுகிறது.

வெறுங்கையோடு நின்றவர்க்குக் கோவையின் ஆங்கிலத் தொழிலதிபர் இராபர்ட் ஸ்டேன்ஸ் துணை நின்றார். 1862-இல் கோவையில் பள்ளி நிறுவியவர் அப்பெருமகனார். அவரிடம் பணியாற்றியபோது நாயுடு ஆங்கிலமும் கற்றார். 1920-ஆம் ஆண்டு பேருந்து ஒன்று வாங்க நாயுடு விரும்பினார். விலை 8,000 ரூபாய். தம்மிடம் இருந்தது பாதி. மறுபாதியான 4,000 ரூபாயை ஸ்டேன்ஸ் கடனாகக் கொடுத்தார். பட்டமும் பரம்பரைச் செல்வமும் இல்லாத, வணிகத்தில் ஒருமுறை தோற்ற இளைஞரை நம்பி அத்தொகையைத் தந்தவரின் துணிவும் எண்ணத்தக்கது. கடன் கொடுத்தவர் கண்டது அந்த இளைஞரின் கைத்திறனையே என்று கொள்ளலாம்.

அப்பேருந்து பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓடியது. முருகன் தலத்துக்குச் செல்லும் அடியார்களும் பொள்ளாச்சிச் சந்தைக்கு வரும் உழவர்களும் அதில் ஏறினர். ஓட்டுநரும் நாயுடுவே, பழுது பார்ப்பவரும் அவரே. வழியில் வண்டி நின்றால் வேறொருவரைத் தேடி ஓட வேண்டிய நிலை அவருக்கு இல்லை. மோட்டார்ப் பட்டறைகள் அருகிய அந்நாளில் இஃது எத்தகைய வலிமை என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். பேருந்து வைத்திருந்த மற்றவர்க்கு ஒரு பழுது ஒரு வார இழப்பு; அவருக்கோ ஒரு மணி நேர வேலை.

ஒரு பேருந்து பல பேருந்துகளாயிற்று. யு.எம்.எஸ். என்று மக்கள் அழைத்த யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் பிறந்தது. 1930-களின் தொடக்கத்தில் அந்நிறுவனம் 200-க்கும் மேற்பட்ட பேருந்துகளைக் கொண்டிருந்தது. பயணிகள் தங்கும் கூடம், குறித்த நேரத்தில் புறப்பாடு, பயணச்சீட்டு வழங்கும் பொறி எனப் பல புதுமைகளை அவர் புகுத்தினார். இவற்றுள் புறப்படும் நேரம் பற்றிய கண்டிப்பே எம் நெஞ்சைத் தொடுவது. அக்காலத்துத் தனியார் பேருந்துகள் ஆள் நிரம்பினால் புறப்படும், நிரம்பாவிடின் நிற்கும். மணி அடித்ததும் புறப்பட வேண்டுமெனில் ஒவ்வொரு வண்டியும் ஒவ்வொரு நாள் காலையிலும் உடல்நலத்தோடு இருத்தல் வேண்டும். கெட்ட பின் பார்ப்பது ஒரு முறை. கெடுமுன் பார்ப்பது மற்றொரு முறை. பின்னதன்றி நேரம் தவறாமை என்னும் அறம் பேருந்துத் தொழிலில் நிலைக்காது. விடுதிப் பணத்தில் வாங்கிய ரட்ஜ் வண்டி கற்பித்த பாடம், நூற்றுக்கணக்கான பேருந்துகளுக்கு இவ்வாறு விரிந்தது.

1930-களில் அவர் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் பன்முறை சென்றார். சென்ற இடமெல்லாம் தொழிற்கூடங்களைப் பார்த்தார். தொழிலாளர் கைகளை உற்று நோக்கினார். சவரம் செய்வதற்கென உலர் மின்கலத்தில் இயங்கும் சிறு கருவி ஒன்றை உருவாக்கினார். ராசன்ட் என்னும் பெயரில் அது செருமனியில் செய்யப்பட்டது. ஒளிப்படக் கலையிலும் ஈடுபாடு கொண்டவர். 1936-இல் இலண்டனில் நடந்த ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தைத் தாமே படம் பிடித்தார். 1937-ஆம் ஆண்டு பாலசுந்தரம் நாயுடுவோடு இணைந்து இந்தியாவில் முதன்முதலாக மின்மோட்டார் செய்து காட்டினார். கிணற்றுப் பாசனத்தை நம்பிய கொங்கு உழவனுக்கு மின்மோட்டார் என்ன செய்தது என்பதை ஓமலூர்ப் பகுதித் தோட்டத்துக்காரர்களுக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. கவலை இறைத்த எருதுகளுக்கு ஓய்வு கிடைத்தது.

அவர் வாழ்வில் மிகுந்த சிந்தனைக்குரியது கல்வித் துறையில் நேர்ந்த பிணக்கு. 1944-இல் மோட்டார்த் தொழிலின் நேரடிப் பொறுப்பிலிருந்து விலகிய அவர், அடுத்த ஆண்டே கோவையில் தொழிற்கல்விக் கூடங்கள் தோன்றக் காரணமானார். அன்றைய சென்னை மாகாண ஆளுநர் ஆர்தர் ஹோப் பெயரால் பாலிடெக்னிக்கும் பொறியியல் கல்லூரியும் 1945-இல் தொடங்கின. பள்ளிப் படிப்பையே முடிக்காதவர் பொறியியல் கல்லூரியின் முதல்வராக அமர்ந்தார். உலகக் கல்வி வரலாற்றிலும் இத்தகைய காட்சி அரிது. ஆனால் அக்காட்சி நீடிக்கவில்லை. நான்கு ஆண்டுப் படிப்பு காலத்தை வீணாக்குவது, இரண்டு ஆண்டே போதும் என்று அவர் வாதிட்டார். அரசு ஏற்கவில்லை. அவர் பதவியைத் துறந்தார். கல்லூரி வளர்ந்து, இடம் மாறி, இன்று தடாகம் சாலையில் அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியாக விளங்குகிறது.

இவ்வழக்கில் நீதி யார் பக்கம்? பொறியியலுக்குக் கணிதமும் இயற்பியலும் வேண்டும்; அவற்றை இரண்டு ஆண்டில் திணிக்க இயலாது என்று அரசு கருதியிருந்தால் அதனைக் குறை கூற இயலாது. ஒரு பாலத்தின் சுமையைக் கையால் தொட்டு அறிய முடியாது. கணக்கிட்டே அறிய வேண்டும். நாயுடு கற்ற முறை நாயுடு போன்றவர்க்கே பொருந்தும், எல்லார்க்கும் பொருந்தாது என்று கூறுவாரும் உளர். எனினும் அவர் எழுப்பிய வினா இன்றும் விடை பெறவில்லை. நான்கு ஆண்டு இயந்திரப் பொறியியல் பயின்று வெளிவரும் இளைஞர் தம் வண்டியின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றத் தயங்கி நிற்பதை நாம் காணாமல் இல்லை. கால அளவைப் பற்றிய அவரது முடிவு மிகையாக இருக்கலாம். கையில் எண்ணெய் படாத பொறியியலைப் பற்றிய அவரது கவலை மிகையன்று என்பதே எம் கருத்து.

அரசோடு அவருக்கு நேர்ந்த மோதல்கள் அதனோடு முடியவில்லை. குறைந்த விலையில் ஐந்து வால்வு வானொலி செய்ய முடியும் என்று 1941-இல் அறிவித்தார். 1952-இல் இருவர் அமரும் சிறு கார் ஒன்றை ஏறத்தாழ 2,000 ரூபாய்க்குத் தர இயலும் என்றார். உரிமம் கிடைக்கவில்லை. வரிச்சுமையும் அவரை வாட்டியது. வெகுண்டெழுந்த அவர் 1950-களில் மக்கள் முன்னிலையில் தம் வானொலிப் பெட்டிகள் முதலிய பொருள்களை உடைத்து நொறுக்கினார். ஆக்க வேலைக்காக அழிவு வேலை செய்வதாக அதற்கு விளக்கமும் தந்தார்.

அந்நிகழ்ச்சியை அவருடைய அன்பர்கள் வீரச் செயலாகப் போற்றுவர். எம்மால் அவ்வாறு போற்ற இயலவில்லை. இளமையில் ஒரு பழைய வண்டியைக் கழற்றி ஒரு திருகாணியும் மிஞ்சாமல் பூட்டியவர், முதுமையை எட்டும் வேளையில் பூட்டிய பொருள்களைச் சுத்தியலால் உடைத்தது காணச் சகியாத காட்சி. பிரித்தல் வேறு, உடைத்தல் வேறு. ஆயினும் அவ்வளவு தொலைவு அவரைக் கொண்டு சென்ற வேதனையின் ஆழத்தை நாம் உணர வேண்டும். மலிவான காரையும் வானொலியையும் ஏழைக்குத் தர முடியும் என்று கை அறிந்திருந்தது; தாள் தடுத்தது. விடுதியில் இலை போட்டு வண்டி வாங்கிய காலத்தில் அவர் வழியில் நின்றது வறுமை ஒன்றே. அதனை உழைத்து வெல்ல முடிந்தது. உரிமத்தை உழைத்து வெல்ல முடியவில்லை.

பிற்காலத்தில் அவர் கவனம் வேளாண்மையிலும் சென்றது. பருத்தி, சோளம், பப்பாளி ஆகியவற்றில் புதுப்புது வகைகளை வளர்த்துப் பார்த்தார். சர் சி.வி. இராமனும் விசுவேசுவரய்யாவும் அவரது தோட்டத்தைப் பார்வையிட்டவர்களுள் அடங்குவர். அடித்தளம் முதல் மேற்கூரை வரை ஒரே நாளில், சில மணி நேரத்திலேயே வீடு கட்டிக் காட்டினார். பொறியைப் போலவே செடியையும் வீட்டையும் உறுப்பு உறுப்பாகக் காணும் பழக்கம் அவரை விட்டு இறுதி வரை அகலவில்லை.

1974-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 4-ஆம் நாள் நாயுடு மறைந்தார். அப்போது அவருக்கு அகவை 80. அவர் மைந்தர் ஜி.டி. கோபால் தந்தையார் திரட்டிய பொருள்களையும் நினைவுகளையும் பேணினார். 2015-இல் கோவையில் பழங்கால மோட்டார் வண்டிகளுக்கென அருங்காட்சியகம் ஒன்றும் திறக்கப்பட்டது. 2025 அக்டோபரில் கோவை அவிநாசி சாலையில் திறக்கப்பட்ட, பத்துக் கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட நீளமுடைய மேம்பாலத்துக்குத் தமிழ்நாடு அரசு ஜி.டி. நாயுடுவின் பெயரைச் சூட்டியது. ஓமலூரிலிருந்து செல்பவர் சங்ககிரி, பவானி, பெருந்துறை, அவிநாசி வழியாக அந்த மேம்பாலத்தை அடையலாம். மேலே ஏறாமல் கீழ்ச்சாலையில் சென்றால் அவர் திரட்டிய பொருள்களைக் கொண்ட தொழிற்கண்காட்சி சாலையோரத்திலேயே இருக்கிறது.